பச்சைப் புள்ளி ஒட்டிய தட்டு

போன வருடம் பிப்ரவரியில், இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டை என்ற ஊரில், ஆற்றுப் பாலத்தை ஒட்டிய ஒரு சாப்பாட்டுக் கடையில் நடந்தது இது. சண்டை இல்லை, அழுகை இல்லை. எங்களோடு வந்தவர்களிலேயே பாதிப் பேருக்கு மேல் ஏதோ நடந்தது என்றே தெரியாது. ஆனால் அன்று மதியம் அந்தக் கடையில் நான் பட்ட வெட்கத்தை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

திருச்சியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தினமும் காலையில் சேர்ந்து நடக்கிற பெண்கள் பத்துப் பேர் நாங்கள். நடப்பது என்பது பேருக்குத்தான். இரண்டு சுற்று நடந்தால் நான்கு சுற்றுக்குப் பேச்சு இருக்கும். அந்தப் பேச்சில்தான் ஒருநாள் இலங்கை வந்தது. வீட்டு ஆண்களை விட்டுவிட்டு நாம் மட்டும் ஒரு வாரம் போய்வந்தால் என்ன என்று யாரோ விளையாட்டாக ஆரம்பிக்க, மூன்று மாதத்தில் கொழும்பு விமான நிலையத்தில் பத்துப் பேரும் பெட்டிகளோடு நின்றோம்.

பொறுப்புகளைப் பிரித்துக் கொண்டிருந்தோம். ஒருத்திக்கு டிக்கெட், ஒருத்திக்கு மருந்துப் பை, எனக்குச் சாப்பாடு. அதற்கு ஓட்டெடுப்பே நடக்கவில்லை. தட்டில் என்ன வைத்தாலும் இதில் என்ன போட்டீர்கள், எதில் தாளித்தீர்கள், எவ்வளவு நேரம் வேகவைத்தீர்கள் என்று கேட்காமல் என்னால் வாயில் வைக்க முடியாது. கல்யாண வீட்டில்கூட சமையல்காரரைத் தேடிப் பின்கட்டுக்குப் போய்விடுவேன். நீ சாப்பிடப் போவதில்லை, விசாரணைக்குப் போகிறாய் என்று என் கணவர் சொல்வார். எனக்கு அது பாராட்டு மாதிரிதான் கேட்கும்.

பத்துப் பேரில் சைவம் ஒரே ஒருவர்தான், என் எதிர்வீட்டு அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. கணவர் இல்லை, மகன் மருமகளோடு இருக்கிறார். அதிர்ந்து பேச மாட்டார், சாப்பாட்டையும் கொறிப்பார். ஐந்து வருடத்துக்கு முன்பு அவர் குடிவந்த புதிதில், ஏதோ வேண்டுதலுக்காகக் கவிச்சியை விட்டவர் என்று யாரோ என்னிடம் சொன்னார்கள். அன்றிலிருந்து அவருடைய சைவத்துக்கு நான் காவல்காரி ஆகிவிட்டேன். குடியிருப்பில் கூட்டாகச் சமைத்துச் சாப்பிடும் நாட்களில் அவருக்குத் தனிக் கரண்டி, தனிப் பாத்திரம். கடைப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி போட்டிருப்பார்களே, அதே மாதிரி வட்ட ஸ்டிக்கர் வாங்கி அந்தப் பாத்திரங்களில் ஒட்டி வைப்பேன். இலங்கைப் பயணத்துக்கும் ஒரு தாள் நிறைய எடுத்துக்கொண்டேன். போகிற இடமெல்லாம் அக்காவின் தட்டு விளிம்பில் ஒரு பச்சைப் புள்ளி. பரிமாறுகிறவர்கள் தெரியாமல் எதையாவது போட்டுவிடக் கூடாது இல்லையா?

கண்டிக்குப் போகும் வழியில் பிலிமத்தலாவையில்தான் முதல் மதியச் சாப்பாடு. ஒரு நீள மேஜையில் மண்சட்டிகளை வரிசையாக வைத்து, நாமே எடுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரியான கடை. எங்கள் வேன் டிரைவர் வத்தேகம என்ற ஊர்ப் பக்கத்துத் தமிழர், அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். கடைக்காரர் சிங்களத்தில் பேச, டிரைவர் தமிழில் சொல்ல, நான் சட்டி சட்டியாகக் கையைக் காட்டி விசாரித்தேன். இதில் இறைச்சி இருக்கிறதா, மீன் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா? பருப்பு, பலாப்பிஞ்சு, பீட்ரூட், கீரை, தேங்காய்ச் சம்பல் எல்லாம் தேறின. அக்காவின் தட்டில் புள்ளியை ஒட்டினேன்.

"கேட்டாச்சுல்ல?" என்றார் அக்கா.

கேட்டாச்சு, சுத்த சைவம், நான் பொறுப்பு என்றேன்.

சம்பல் என்றால் நம் ஊர்த் துவையல் போலத்தான், ஆனால் அவ்வளவு மையாக அரைப்பதில்லை. தேங்காய்ப்பூ, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சை. சிவப்பாக, உதிரியாக இருக்கும். அக்கா ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்தார். கை அப்படியே நின்றது. காரமோ என்று தண்ணீரை நகர்த்தினேன். அவர் தண்ணீரைத் தொடவில்லை. குனிந்து சாப்பிட ஆரம்பித்தவர் அந்தச் சம்பலை மூன்று முறை எழுந்துபோய் எடுத்துவந்தார். கொறிக்கிற அக்காவா இது என்று எல்லோரும் கேலி செய்தோம். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் காலை தங்கும் விடுதியில் இடியாப்பம், அதற்குத் தேங்காய்ப்பால் குழம்பான சொதி, சம்பல். மதியம் இன்னொரு கடையில் சோறு, பருப்பு, சம்பல். ஒவ்வொரு வேளையும் அதே கேள்வி, கேட்டாச்சுல்ல? ஒவ்வொரு வேளையும் அதே பதில். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சைவக்காரர்கள் வெளிநாட்டில் பட்டினி கிடப்பார்கள் என்பார்களே, என் பொறுப்பில் வந்தவர் எப்படிச் சாப்பிடுகிறார் பாருங்கள் என்று மற்றவர்களிடம் அளந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பேராதனைப் பூங்காவில் சுற்றிக் களைத்துப் போனோம். நல்ல பசி. டிரைவர், தான் எப்போதும் சாப்பிடும் கடை ஒன்று கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறது, வாங்கம்மா, கை சுத்தம் என்று கூட்டிப் போனார். தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கடை. அப்பா காலத்திலிருந்து நடத்துகிறாராம் முதலாளி. வெள்ளைத் தொப்பியும் கைலியுமாகக் கல்லாவுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். எங்களுக்கு ஆறு பேர் மேஜை ஒன்றும் நான்கு பேர் மேஜை ஒன்றும் கிடைத்தன. நாற்காலிகளை இழுத்துப் போட்டு எல்லோரும் உட்கார, நான் வழக்கம்போல உட்காரவில்லை. அக்காவுக்கு அவ்வளவு பிடித்த சம்பலைத் திருச்சியில் நானே செய்து கொடுக்க வேண்டும், செய்முறை வேண்டும் என்று முதலாளியிடம் போய் நின்றேன். அவருக்கும் சந்தோஷம். வாங்க, கண்ணால பாருங்க என்று அடுப்படிக்குள் அழைத்துப் போனார்.

கல் உரலில் சம்பல் இடிக்கத் தயாராக இருந்தது. நான் ஒவ்வொன்றாகக் கைபேசியில் குறித்துக்கொண்டேன். வெங்காயம், மிளகாய், உப்பு. அடுத்து அவர் ஒரு டப்பாவைத் திறந்து பழுப்பாக எதையோ எடுத்து உரலில் போட்டார். விறகு பிளக்கும்போது தெறிக்கும் சில்லு மாதிரி இருந்தது. ஏதோ பட்டை, நம் ஊரில் இல்லாத மசாலா என்று நினைத்து ஆசையாகக் கையில் வாங்கி மோந்து பார்த்தேன். புகை வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை.

"அது மாசி, தங்கச்சி. மாலத்தீவு மீன். அவிச்சு, புகை போட்டு, காய வெச்சு எடுக்கிறது."

எல்லாக் கடையிலும் இதைப் போடுவார்களா என்று கேட்டேன். மாசி இல்லாத சம்பல் சம்பலா என்று சிரித்தார். சம்பலில் போடுவார்களாம், பருப்பிலும் கொஞ்சம் போடுவார்களாம். பிலிமத்தலாவையிலும் விடுதியிலும் நான் மீன் இருக்கிறதா என்று கேட்டேனே, இல்லை என்றுதானே சொன்னார்கள் என்றேன். அவர்கள் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றார் அவர். அங்கெல்லாம் மீன் என்றால் சட்டியில் கிடக்கும் துண்டுதான். மாசி, உப்பு புளி மாதிரி ருசிக்குப் போடுவது, அதை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. கோயிலுக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமைகளில் மாசி போடாமல் வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லி வாங்குவார்களாம். இந்த விஷயம் எங்கள் டிரைவருக்கும் தெரிந்திருக்கும். ஆயிரம் கேள்வி கேட்ட நான் இந்த ஒன்றைக் கேட்கவில்லை.

ஐந்து வேளை. ஐந்து வேளையும் நான் பொறுப்பு என்று சொல்லி அக்காவுக்கு மீன் ஊட்டியிருக்கிறேன். சாமிக்கு வேண்டிக்கொண்டு விட்ட மீனை. முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. உரலில் கிடந்ததை அப்படியே ஒதுக்கினார். வேறு உரல் கழுவிக் கொண்டுவரச் சொல்லி, மாசி இல்லாமல் புதிதாக இடிக்கச் சொன்னார். பருப்பையும் அக்காவுக்கு வைக்க வேண்டாம் என்று பரிமாறுகிறவரிடம் சொன்னார்.

எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் ஒழுங்காக இருந்தால் சரி, அக்காவிடம் இதைச் சொல்லி ஏன் நோகடிக்க வேண்டும், இன்னும் நான்கு நாள் பயணம் இருக்கிறதே என்று முதலாளியிடமே நியாயம் பேசினேன். உண்மையில் எனக்குப் பயம். அக்கா நொந்துபோவார் என்பதைவிட, என் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும் என்ற பயம்.

"நாங்க வெளியூர் போனா ஹலாலா எண்டு கேட்டுட்டுத்தான் வாயில வெக்கிறது. ஒருத்தர் தெரியாம மாத்தித் தந்துட்டார் எண்டு வைங்க. அது பிழை இல்ல. தெரிஞ்ச பெறகும் சொல்லாம விட்டா, அதுதான் பிழை. போய்ச் சொல்லுங்க."

சாப்பிட்டு முடித்ததும் சொல்கிறேன் என்றேன். நான் அடுப்படியை விட்டு வெளியே வரும்போது அவர் இன்னொரு தடவை, சொல்லுங்க என்றார்.

மேஜைக்கு வந்தேன். நான்கு பேர் மேஜையில் சுவர் ஓரமாக அக்கா உட்கார்ந்திருந்தார். எங்களோடு அந்த மேஜையில் இருந்த இருவரும் ஆறு பேர் மேஜைக்குப் போய் அங்கிருந்தவர்களோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷத்தில் அக்காவின் தட்டில் பச்சைப் புள்ளியை ஒட்டினேன். அது கோணலாக ஒட்டிக்கொண்டது.

"கேட்டாச்சுல்ல?"

கேட்டாச்சுக்கா என்றேன். மூன்று நாளில் முதல் தடவையாக அது உண்மை.

அக்கா சோற்றோடு சம்பலைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு சிட்டிகை தனியாக எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"இதுல மாசி இல்லையே."

மாசி என்ற வார்த்தையை நான் கற்றுக்கொண்டு கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இவருக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊராம். அவருடைய சின்ன வயதில், மாலத்தீவுக்குத் தோணியில் சரக்கு ஏற்றிப் போகிறவர்கள் திரும்பி வரும்போது மாசி கொண்டுவருவார்களாம். வீட்டில் அதை இடித்துத் துவையல் அரைப்பார்களாம். ஐந்து வருடமாக எதிர்வீட்டில் இருக்கிறார். அவர் கடற்கரை ஊர்க்காரர் என்பது எனக்குத் தெரியாது.

அப்படியானால் பிலிமத்தலாவையிலேயே தெரியுமா என்றேன்.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது என்றார். துப்பிவிடலாம் என்று நினைத்தாராம், முடியவில்லையாம். "நீ கேட்டுட்டு வந்து சைவம்னு சொன்னே பாரு, அது எனக்கு வசதியாப் போச்சு. பாவம் வந்தா உன் கணக்குல போகட்டும்னு விட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வந்தவள். இப்போது யார் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. வேண்டுதல் இருக்கிறதே அக்கா என்று மட்டும் கேட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார். ஆறு வருடத்துக்கு முன்பு கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் எழுந்து வந்தால் ஆயுசுக்கும் மீனைத் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டாராம். மீன் இல்லாமல் ஒரு நாள் சோறு இறங்காதவர் அக்கா, அதைவிடப் பெரிதாகக் கொடுக்க அவரிடம் வேறு எதுவும் இல்லையாம். கணவர் எழுந்து வரவில்லை.

அப்படியென்றால் அந்த வேண்டுதலே இல்லையே என்றேன் நான் அவசரமாக.

"எனக்குத் தெரியும். ஆனா அவர் போனதுக்கு அப்புறம் யாருமே மீன் வைக்கட்டுமான்னு கேக்கலை. எல்லாரும் பிரியமா ரசம் எடுத்து வச்சாங்க. நானா எப்படிக் கேக்கிறது? புருஷன் போயும் நாக்கு அடங்கலைன்னு நினைப்பாங்கல்ல?"

மகனும் மருமகளும் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கும்போது அம்மாவுக்கு நாற்றம் படக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பார்களாம். அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்து, கொதி வந்துவிட்டது, இப்போது புளி ஊற்றுகிறாள் என்று வாசனையிலேயே தெரிந்துகொள்வாராம். அவர்கள் எல்லோரும் அவர் மேல் அன்பு உள்ளவர்கள்தான். நானும்தான். என் தனிக் கரண்டி, தனிப் பாத்திரம், பச்சைப் புள்ளி எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. ஐந்து வருடமாக அவர் எதைச் சாப்பிடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தவள் நான். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கம் என்றேனே, அது இதுதான்.

முதலாளி எங்கள் மேஜைப் பக்கம் வந்தார். நான் சொல்லிவிட்டேனா என்று பார்க்கத்தான் வந்திருப்பார். என் முகத்தையும் அக்கா முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் அக்கா பக்கம் சாய்ந்து, மீன் ஒரு துண்டு வைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, சம்மதம்தான் போல என்று நானே முடிவு செய்து, மீன் கொண்டுவாங்க என்று முதலாளியிடம் சொன்னேன். பாருங்கள், அப்போதும் நான்தான் சொல்கிறேன். பட்டும் புத்தி வரவில்லை.

அந்த மனிதர் அசையவில்லை. சற்று முன்புதான் இவருக்கு மீனே ஆகாது என்று நான் அடுப்படியில் பதறியிருக்கிறேன். அவர் என்னை விட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க ராத்தா. உங்களுக்கு வைக்கவா?"

அக்கா நிமிர்ந்தார். ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா என்று அர்த்தம், அது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. அடுத்த மேஜையில் சிரிப்புச் சத்தம், வெளியே பஸ்களின் ஹாரன். அவர் தட்டு விளிம்பில் கோணலாக இருந்த பச்சைப் புள்ளியை நகத்தால் கிளப்பிப் பிய்த்தார். எங்கே போடுவது என்று தேடி, என் புறங்கையில் ஒட்டினார். பிறகு சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி இடம் பண்ணினார்.

"வைங்க" என்றார். தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, "நடுத்துண்டாப் பாத்து வைங்க" என்றார்.

முதலாளியே போய்ச் சட்டியிலிருந்து எடுத்துவந்து வைத்தார். சிவந்த குழம்பில் அகலமான நடுத்துண்டு. படம் எடுத்துவிட்டுத் திரும்பிய ஒருத்தி, அக்கா என்ன இது என்று வாயைத் திறந்தாள். மீன் என்றார் அக்கா, தலையைத் தூக்காமல். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அக்கா கண்ணைத் துடைக்கவும் இல்லை, சாப்பிடுவதை நிறுத்தவும் இல்லை. ஆறு வருடம் மீனைத் தொடாத விரல்கள் முள்ளை அவ்வளவு லாவகமாக உருவி, தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டே போயின. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சோறு ஆறிப்போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தக் குழம்பில் என்ன போட்டார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஊர் திரும்பிய பிறகு எல்லாம் தலைகீழாக மாறிவிடவில்லை. அவர் வீட்டில் இன்னும் ரசம்தான் வைக்கிறார்கள். மகனிடம் சொல்ல அவருக்கு நாள் வேண்டுமாம். அதை நான் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் எதிர்வீட்டு மணியை அடித்து, இன்றைக்கு வேண்டுமா அக்கா என்று கேட்பேன். சில வாரம் வேண்டாம் என்பார். சில வாரம் கையைத் துடைத்துக்கொண்டே என் பின்னாலேயே வந்துவிடுவார்.

மிச்சம் இருந்த ஸ்டிக்கர் தாளைக் கண்டியிலேயே குப்பையில் போட்டுவிட்டேன், என் புறங்கையில் அவர் ஒட்டிய ஒன்றைத் தவிர. அது என் பாஸ்போர்ட்டுக்குள் கோணலாக ஒட்டியிருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி நான் இப்போதும் ஓயாமல் விசாரிக்கிறேன், அந்தப் புத்தி போகாது. ஆனால் யாருக்காவது தட்டு வைக்கும்போது, அவருக்கு எது ஆகாது என்று எனக்குத் தெரியும் என்ற நினைப்பு வந்தால், உடனே கையை நிறுத்தி அவரையே கேட்டுவிடுகிறேன்.